சோத்தாங்கைக் காது

மார்ச் 4, திங்கள்

இந்த நோட்டை இன்று காலைதான் வாங்கினேன். லேபில் வைத்திருக்கும் பதிவேட்டில் எதையும் மனம்விட்டு எழுத முடியாது. யார் யாரோ அதைப் புரட்டுகிறார்கள். போன வாரம் ஒரு பக்கத்தின் மூலையை மடக்கி வைத்தேன். இன்று பார்த்தால் நிமிர்ந்திருக்கிறது. ஃபேன் காற்று என்கிறான் லேபில் எனக்கு ஜூனியரான நிவேதன். ஃபேன் காற்றுக்கு மடிப்பை நீவிவிடத் தெரியுமா என்ன?

நிலவரத்தை எழுதி வைக்கிறேன். ஜூன் 30-க்குள் ஆய்வேட்டுச் சுருக்கத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். ஐந்து வருடமும் அதற்கு மேல் வாங்கிய நீட்டிப்பும் முடிகிற தேதி அது. தவறினால் பதிவு ரத்து. பெயருக்கு முன்னால் ஒன்றும் ஒட்டாமல் சாத்தூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சோதனை, நாற்பது எலிகளை வைத்து.

செரட்டோனின் என்பது மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்கு அனுப்பும் தூது. அந்தத் தூதை வாங்கிக்கொள்ள ஏற்பி என்று ஒன்று வேண்டும். அதில் பத்துப் பன்னிரண்டு வகைக்கு மேல் உண்டு. நான் கட்டிக்கொண்டு அழுவது 1ஏ என்கிற ஒன்றை. அதற்கான ஜீன் இல்லாமல் பிறக்கும் எலிகள் பயந்தாங்கொள்ளிகளாக இருக்கும் என்று வெளிநாட்டில் பல லேப்களில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து கிளம்புகிறது என்பது என் ஆய்வு. முதலில் என் எலிகளும் அதேபோல் பயப்படுகின்றன என்று காட்ட வேண்டும். அம்மாவிடம் இதை விளக்கியபோது, "எல்லா எலியும் பயப்படத்தான செய்யும்?" என்றாள். ஐந்து வருடத்தில் என் ஆய்வுக்கு வந்த ஒரே உருப்படியான விமர்சனம்.

எந்த எலிக்கு ஜீன் உண்டு, எதற்கு இல்லை என்பது சோதிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால் எலிகளின் வால் நுனியில் ஜீன் பார்த்தது நிவேதன். பட்டியல் அவனிடம், ஒட்டிய உறையில் இருக்கிறது. எங்கள் வழிகாட்டி கோகிலவாணி மேடம் செய்த ஏற்பாடு. இரண்டாம் வருடத்தில் இருக்கிற ஒருவனிடம் ஏன் கொடுக்க வேண்டும்? நான் போய்விட்டால் இந்த எலிகள் யாருக்கு வரும் என்று யோசித்தால் பதில் கிடைக்கிறது.

மார்ச் 5

மெஸ்ஸில் சாம்பார். சமைத்தவருக்குப் பருப்பின் மேல் என்ன கோபமோ.

மார்ச் 12, செவ்வாய்

வாராந்திரக் கூட்டத்தில் நிவேதன் ஒரு கட்டுரையைப் பற்றிப் பேசினான். 1ஏ இல்லாத எலிகளைப் பற்றியதுதான். அடையாளம் தெளிவாக இருந்தால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி பயப்படுமாம். மணி அடித்தால் நிச்சயம் ஷாக் வரும் என்றால் எல்லா எலியும் நடுங்கும். வரலாம், வராமலும் போகலாம் என்கிற அரைகுறை அடையாளத்தில்தான் வித்தியாசம். ஜீன் இருப்பது அலட்டிக்கொள்ளாது, இல்லாதது அதையும் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும்.

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்த்தான். அறையில் எட்டுப் பேர் இருந்தோம்.

ஏப்ரல் 20, சனி

நேற்று ஓட்டுப் போட சாத்தூர் போய்வந்தேன். நாற்பது எலிகளுக்கும் பத்து வாரம் ஆகிவிட்டது, திங்கட்கிழமை தொடங்குகிறேன். அம்மா இன்னமும் என் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரை இடது பக்கமாக வைத்து, வலது கையால் சாப்பிடச் சொல்லாமல் சொல்கிறாள். இருபத்தொன்பது வயதுப் பெண் இடது கையால் சாப்பிட்டால் எந்த வானம் இடிந்துவிடப் போகிறது? சின்ன வயதில் கரண்டியால் அடி வாங்கிப் பழகிய புறங்கை என்னுடையது. அதற்குப் பிறகும் மாறவில்லை.

இன்று மதியம் விலங்குக்கூடத்தின் முன்னறையில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஓட்டு மை இன்னும் கறுப்பாக இருக்கும் அதே விரலால் தயிர்சாதம் பிசைந்தேன். விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுப்பாண்டி அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பத்தொன்பது வருடமாக இங்கே எலி வளர்க்கிறார். இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். என் கையைப் பார்த்தார். உடனே பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து வருடமாக இதே திரும்பல்தான். வாய்விட்டுக் கேட்டாலாவது திருப்பிக் கொடுக்கலாம். மனதுக்குள் சிரிப்பவர்களை என்ன செய்வது?

ஏப்ரல் 22, திங்கள்

சோதனை தொடங்கியது. கூட்டல் குறி வடிவத்தில் ஒரு மேடை, முழங்கால் உயரம். நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. எலியை நடுவில் விட்டால் ஐந்து நிமிடத்தில் அதன் குணம் தெரிந்துவிடும். தைரியம் உள்ளது திறந்த பக்கம் போய் விளிம்பில் எட்டிப் பார்க்கும். பயந்தது சுவருக்குள் ஒண்டிக்கொள்ளும். ஒரு எலியை ஒருமுறைதான் ஏற்றலாம். இரண்டாம் முறை அதற்கு இடம் தெரிந்துவிடும், கணக்கில் சேராது.

பத்துக் கூண்டு, கூண்டுக்கு நான்கு எலி. ஒன்றுக்கு வலது காதில் சின்ன வெட்டு, ஒன்றுக்கு இடது காதில், ஒன்றுக்கு இரண்டிலும், ஒன்றுக்கு வெட்டே இல்லை. குட்டிகளாக இருந்தபோது வெட்டியது நான்தான். இப்போது நான் அடுத்த அறையில் திரைக்கு முன்னால். சுவரில் உள்ள சின்னத் திறப்பு வழியாகக் கூண்டு எண்ணையும் காதையும் சொல்வேன். பொன்னுப்பாண்டி அண்ணன் அந்த எலியை எடுத்து மேடையில் விட்டுவிட்டு வெளியே போவார். மேலே உள்ள கேமராவில் எலி ஒரு கறுப்பு உருண்டைதான், காது தெரியாது.

வலது இடது என்றால் அந்த மனிதருக்குக் குழம்புமே என்று, அவர் பாஷைக்கே இறங்கினேன். "அண்ணே, மூணாம் கூண்டு, சோத்தாங்கைக் காது" என்றேன். திறப்பு வழியாக என்னைப் பார்த்தார். பேனா பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். "சரி பாப்பா" என்றார். வலதுக்குச் சோத்தாங்கை, இடதுக்கு நொட்டாங்கை. இரண்டிலும் வெட்டு உள்ளதற்கு ரெட்டை, வெட்டு இல்லாததற்கு மொட்டை. பிரமாதமாக ஓடியது. ஆட்களிடம் வேலை வாங்குவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

ஏப்ரல் 26, வெள்ளி

நாற்பதும் முடிந்தன. இரண்டு நாள் தண்ணீர் வராததால் ஹாஸ்டலில் துணி மலை. துவைத்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

மேடம் அறையில் உறையைத் திறந்தோம். நிவேதன் படித்தான், நான் எண்களைச் சேர்த்தேன்.

வித்தியாசம் இல்லை. ஜீன் உள்ள எலிகளும் இல்லாத எலிகளும் திறந்த பக்கத்தில் இருந்த நேரம் கிட்டத்தட்ட ஒன்று. ஊர் உலகத்தில் எல்லா லேபிலும் வருகிற வித்தியாசம் என் கையில் மட்டும் வரவில்லை. ஜீன் இல்லாத எலிகளில் சில, திறந்த பக்கம் ஊர்வலம் போயிருக்கின்றன. ஜீன் உள்ளவற்றில் சில சுவரை விட்டு நகரவே இல்லை.

"அவசரப்படாத சுகிர்தா, மறுபடி பாரு" என்றார் மேடம். நிவேதன், "ஸாரிக்கா" என்றான். எதற்கு ஸாரி? தப்பு செய்யாதவன் ஏன் ஸாரி சொல்ல வேண்டும்?

அறைக்கு வந்து அழுதேன். எழுதி வைப்பதில் வெட்கம் இல்லை.

மே 2, வியாழன்

நிவேதன் பட்டியலை மாற்றியிருக்கிறான். வேறு எப்படி?

மே 7, செவ்வாய்

வால் நுனித் துண்டுகள் மிச்சம் இருந்தன. நிவேதனிடம் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தான், உதவி வேண்டுமா என்றும் கேட்டான். இவ்வளவு நல்லவனாக இருப்பது இயல்பாக இல்லை. நாற்பதுக்கும் ஜீன் சோதனையை நானே மறுபடி செய்தேன். நாற்பதும் அவன் பட்டியலில் உள்ளபடியே வந்தன.

சரி. அவன் இல்லை. ஜீன் சரி, காதில் வெட்டியது நான், எண்களைக் குறித்தது நான். நடுவில் இருப்பது எலியை எடுத்த கை ஒன்றுதான்.

மே 9, வியாழன்

இப்போது ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பொன்னுப்பாண்டி அண்ணன் சட்டைப் பையில் பொட்டுக்கடலை வைத்திருக்கிறார். கேட்டால் தனக்காம். நேற்று நிவேதனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பஸ் நிறுத்தம் வரை போனார். சோதனை நடந்த ஐந்து நாளும், நான் கூண்டைச் சொன்ன பிறகு எலியை எடுக்க ஒரு கணம் தாமதித்தார். அது என்ன கணம்? எதை யோசித்தார்?

இன்று என்னைப் பார்த்து, "எலிங்க எப்பிடி பாப்பா, பரிச்சையில பாஸா?" என்று சிரித்தார். நான் லேபுக்கு நடந்தேன்.

மே 13, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். நிர்வாக அலுவலருக்கு, மேடம் வழியாக. சந்தேகப்படுகிறேன் என்று எழுதவில்லை. "விலங்குக்கூட ஊழியர் வேண்டுமென்றே விலங்குகளை மாற்றி வைத்திருக்கலாமோ என்ற ஐயம் எழுகிறது" என்று எழுதினேன். யாருக்கு எழுகிறது என்று எழுதவில்லை.

மேடம் படித்துவிட்டு, "வேண்டுமென்றேங்கிறது நிச்சயமா?" என்று கேட்டார். பிறகு எப்படி நடந்திருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். கையெழுத்துப் போட்டார்.

மே 21, செவ்வாய்

விசாரணை. மூன்று பேர், ஒரு மேஜை, பிஸ்கட். பொன்னுப்பாண்டி அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. "பாப்பா எந்த எலியக் கேட்டாகளோ அந்த எலியத்தான் எடுத்தேன்" என்றார். எத்தனை விதமாகக் கேட்டும் அதே வாக்கியம். ஒருமுறை மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார். மறைக்கிறார் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது நிர்வாக அலுவலர் சொன்னார்: ஒப்பந்த ஊழியர்களைப் புதுப்பிக்கும் கோப்பு ஜூன் 3-ஆம் தேதி கையெழுத்துக்குப் போகிறது. புகார் நிலுவையில் இருந்தால் பெயர் சேராது, ஆகவே தனியாக நடவடிக்கை எதுவும் தேவையில்லை. எல்லோருக்கும் சுலபம்.

மே 27, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் வேறு வேலை இல்லாமல் நாற்பது எலிகளையும் கூண்டு வாரியாக இல்லாமல் காது வாரியாக அடுக்கிப் பார்த்தேன். இரண்டு காதிலும் வெட்டு உள்ள பத்து எலிகள் எதிர்பார்த்தபடியே நடந்திருக்கின்றன: ஜீன் இல்லாதவை ஒண்டிக்கொண்டன, உள்ளவை உலாவின. வெட்டே இல்லாத பத்தும் அப்படியே. ஒரு காதில் மட்டும் வெட்டு உள்ள இருபதும்தான் குழப்பம். அதில் ஒவ்வொரு கூண்டிலும் வலதையும் இடதையும் மாற்றிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. வித்தியாசம் வருகிறது, புத்தகத்தில் போடுகிற அளவுக்குச் சுத்தமாக வருகிறது.

கெடுக்க நினைக்கிறவன் இவ்வளவு ஒழுங்காகக் கெடுக்க மாட்டான். மொட்டையையும் ரெட்டையையும் விட்டுவிட்டு, வலது இடதை மட்டும், பத்துக் கூண்டிலும், ஒன்றுகூடத் தப்பாமல்.

அப்படியென்றால் அந்த மனிதருக்கு வலது இடது தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக!

மே 28, செவ்வாய்

விலங்குக்கூடத்துக்குப் போனேன். கூண்டுகளுக்கு உமி மாற்றிக்கொண்டிருந்தார். நான் எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, சோத்தாங்கை எதுண்ணே?" என்றேன்.

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். வலது கையைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு இது."

"எனக்குன்னா?"

திரும்பவும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. அப்போதுதான் சொன்னார்:

"ஒங்களுக்கு அது இல்லையே பாப்பா. நீங்க நொட்டாங்கையிலதான சாப்புடுறீக? அஞ்சு வருஷமா எதுக்க ஒக்காந்து பாக்குறேன். மொத நாளு நீங்க சோத்தாங்கைன்னதும் எனக்கு ஒரு நிமிசம் ஓடல. பெறவு, பாப்பா அவுக சோறு திங்குற கையச் சொல்றாக, நொட்டாங்கைன்னா மத்தக் கையின்னு எடுத்துக்கிட்டேன். எதிர்க்கேள்வி கேட்டா, ஒங்க கையக் குத்திக்காட்டுன மாதிரி ஆயிருமேன்னு கேக்கல. இந்தக் கைக்காக நீங்க எம்புட்டுப் பேச்சு வாங்கியிருப்பீகன்னு எனக்குத் தெரியாதா?"

"வலது இடதுன்னு கேட்டிருக்கலாமே" என்றேன்.

"நீங்க ரைட்டுன்னே சொல்லியிருக்கலாமே பாப்பா! இங்க எல்லாரும் ரைட்டு லெஃப்ட்டுன்னுதான் சொல்றாக. நீங்கதான் புதுசா சோத்தாங்கைன்னீக."

விசாரணையில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "மூணு பெரிய மனுசங்க முன்னாடி ஒரு பொம்பளப் பிள்ளையோட சாப்புடுற கையப் பத்தி நான் என்னன்னு பேச?" என்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, "ஆனா வேணும்னே செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டீகளே" என்றார்.

மே 29, புதன்

புகாரைத் திரும்பப் பெறும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மேடம் அழைத்தார். காதுகள் மாறிவிட்டன என்பதைச் சொன்னேன். எடுக்கும்போது மாறியது என்று சொன்னேன். அது உண்மைதான்.

"உறையைத் திறந்த பிறகு வலது இடதை மாத்திப் போட்டா வித்தியாசம் வருதுன்னு நீ சொன்னா, யாரு நம்புவா? நானே நம்பமாட்டேன். புது எலிகள வச்சு மறுபடி செய்" என்றார். இயக்குநரிடம் பேசி டிசம்பர் வரை நீட்டிப்பு வாங்கித் தருகிறாராம், இதுதான் கடைசி. விண்ணப்பத்தில் காரணம் அவரே எழுதினார்: "விலங்குக்கூட ஊழியரின் தவறால் சோதனை பாதிக்கப்பட்டது." வலுவான காரணம் என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

மே 30

லேசான ஜுரம். கடிதம் நாளை.

மே 31

பிரிண்டரில் மை இல்லை.

ஜூன் 1, சனி

தலைக்குக் குளித்தேன். போர்வை, தலையணை உறை இரண்டையும் துவைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். நல்ல வெயில், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன.

ஜூன் 2

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது.

ஜூன் 3, திங்கள்

மதியம் மூன்று மணிக்கு நீட்டிப்பு ஆணை கைக்கு வந்தது. டிசம்பர் 31 வரை.

ஜூன் 4, செவ்வாய்

காலை முதல் வேலையாகக் கடிதத்தைக் கொடுத்தேன். நிர்வாக அலுவலர் படித்தார். "நேத்து சாயந்திரம் கையெழுத்தாயிருச்சேம்மா. நேத்து காலையில குடுத்திருந்தாக்கூடச் சேத்திருப்பேன்" என்றார்.

எனக்கு ஜுரம் என்று சொன்னேன். இப்போது பரவாயில்லையா என்று அக்கறையாகக் கேட்டார்.

ஜூன் 7, வெள்ளி

பொன்னுப்பாண்டி அண்ணன் சாவிகளை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நிவேதன் சொன்னான். நான் அப்போது நூலகத்தில் இருந்தேன். அவசியமான வேலை ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

இனச்சேர்க்கைக் கூண்டுகள் போட்டாயிற்று. ஏஜென்சியிலிருந்து புது ஆள், செந்தட்டி. கைச்சுத்தம், நேரத்துக்கு வருகிறார். காதுக்கு ரைட், லெஃப்ட் என்று ஒரு சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். இந்த முறை எதிலும் ஓட்டை இல்லை.

ஆகஸ்ட் 14

ஊறுகாய் பாட்டில் உடைந்து மேஜை டிராயர் எல்லாம் எண்ணெய். இந்த நோட்டின் அட்டையிலும்.

செப்டம்பர் 27, வெள்ளி

புதிய நாற்பது எலிகளும் முடிந்தன. உறையைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும், இதுவும் போச்சு என்று. ஐந்து நாளாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே? ஆனாலும் திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன்.

செப்டம்பர் 30, திங்கள்

உறையைத் திறந்தோம். வித்தியாசம் இல்லை. இந்த முறை எந்தக் குழப்பமும் இல்லை, காது வாரியாக அடுக்கியும் ஒன்றும் தேறவில்லை. நாற்பது எலிகளும் பயப்படுகின்றன. ஜீன் உள்ளதும் ஒண்டுகிறது, இல்லாததும் ஒண்டுகிறது. திறந்த பக்கம் மூக்கை நீட்டியவையே ஏழுதான்.

நிவேதன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, செந்தட்டி வாலைப் பிடிச்சுத்தான் தூக்குறாரு. தெனமும், உமி மாத்தும்போதுகூட. பாண்டியண்ணன் ரெண்டு கையையும் குவிச்சு வைப்பாரு, எலி தானா ஏறிக்கும். வாலைப் பிடிச்சுத் தூக்குனா எலி பயந்துபோகுதுன்னு கட்டுரையே இருக்குக்கா." கட்டுரையை எனக்கு அனுப்பினான். இருக்கிறது.

நான் விலங்குக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். செந்தட்டி மூடியைத் திறந்ததும் நான்கு எலியும் மூலைக்கு ஓடுகின்றன. அவர்மேல் தப்பு இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரத் தெரிந்தவரை அனுப்பிவிட்டோம். அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோத்தாங்கை, மே 28, கடிதம் கொடுக்காமல் கடத்திய அந்த ஐந்து நாள், எல்லாம். "இத நீ மே மாசமே ஏன் சொல்லல?" என்றார். நீட்டிப்பு வரட்டும் என்று காத்திருந்தேன் என்று சொன்னேன். இந்த நோட்டில்கூட நான் எழுதாத வாக்கியம் அது. மேடம் ரொம்ப நேரம் என்னைப் பார்க்கவில்லை. பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு இயக்குநரிடம் போனார். பொன்னுப்பாண்டி சம்மதித்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று அவர் சொல்லிவிட்டார்.

மூன்று வாரக் குட்டிகள் நாற்பத்திரண்டு இருக்கின்றன. இந்த வாரமே பொன்னுப்பாண்டி அண்ணன் கைக்கு வந்தால், டிசம்பர் முதல் வாரத்தில் சோதிக்கலாம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் சமர்ப்பிக்கலாம்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. விலாசத்தை நிவேதன் கொடுத்தான். நெடுஞ்சாலையை ஒட்டிய முட்டைக்கோழிப் பண்ணை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வாடை.

அட்டைத் தட்டுகளில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம்" என்றார்.

ஐந்து வருடமாகப் பாப்பா என்று கூப்பிட்டவர். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கூலிங்கிளாஸ் போட்ட பண்ணைக்காரர் யார் என்று கேட்டதற்கு, "முன்னாடி வேல பாத்த எடத்துல இருந்து வந்துருக்காக" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். எலிகளைப் பற்றிச் சொன்னேன், எல்லாம் பயப்படுவதை, வாலைப் பிடித்துத் தூக்குவதை. முகம் சுருங்கியது. "வாலையா?" என்றார். "எத்தன நாளா?" ஜூனிலிருந்து என்றேன். கையில் இருந்த முட்டையைத் தட்டில் வைக்காமலே நின்றார்.

இயக்குநர் சொன்னதைச் சொன்னேன். நாளைக்கே வரலாம் என்றேன்.

"எனக்காக வந்தீகளா, எலிக்காக வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தாண்ணே. என் ஆய்வேட்டுக்காகவும்தான்" என்றேன். இனி அவரிடம் எதையும் மறைக்கத் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் அடுக்கினார். ஒரு தட்டு நிறைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"நான் வரல மேடம். இருந்த கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. ஆனா இனிமே நீங்க மூணாம் கூண்டுன்னு சொன்னா, அத ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கன்னுதான் எனக்குத் தோணும். எலியத் தொடுறதுக்கு முன்ன ஒங்க மூஞ்சியத்தான் பாப்பேன், என்ன நெனைக்கிறாகளோன்னு. இவுக நாளைக்கு என்ன சொல்லுவாகளோன்னு பயந்துக்கிட்டே குட்டியக் கையில ஏந்த முடியாது. அதுக்குத் தெரிஞ்சுரும்."

"அப்படி எதுவும் ஆகாதுண்ணே" என்றேன். அவர் அடுத்த முட்டையை எடுத்தார். எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். "சத்தியமா ஆகாது. வேணும்னா நான் எழுதிக் கொடுக்கிறேண்ணே."

சொல்லி முடித்த பிறகுதான் எழுதிக் கொடுக்கிறேன் என்ற அந்த வார்த்தை எனக்கே கேட்டது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.